நள்ளிரவில் கதவைத் தட்டுவது யார்?

இரவு மணி இரண்டு. நீங்கள் நன்றாக உறங்கிக்கொண்டிருக்கிறீர்கள். அப்போது தொலைதூரத்திலுள்ள ஒரு கணிப்பொறி நிலையத்தில் ஒரு வேலை தானாகவே தொடங்குகிறது. அன்று சேர்ந்த மேகப் படங்களை ஒரு நிரல் எடுக்க வேண்டும். அவற்றைக் கொண்டு, மழையை முன்னறியக் கணிப்பொறிக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும். இப்பயிற்சியே இயந்திரக் கற்றல். இதற்கான கணிப்பொறிகளை இணையத்தின் வழியே வாடகைக்குத் தரும் முறைக்கு மேகக் கணிமை என்று பெயர்.

படக் கிடங்கின் வாயிலில் நிரலைப் பார்த்து ஒரு கேள்வி எழுகிறது: "நீ யார்?"

நீங்களாக இருந்தால் கடவுச்சொல்லைத் தட்டுவீர்கள்; கைப்பேசிக்கு வரும் எண்ணையும் சொல்வீர்கள். நிரலிடம் கைப்பேசி ஏது?

சாவியை நிரலுக்குள்ளேயே எழுதிவிட்டால் என்ன என்று உங்களுக்குத் தோன்றலாம். பலரும் அப்படித்தான் செய்தார்கள். ஆனால் நிரலைப் படியெடுக்கும்போதெல்லாம் சாவியும் படியெடுக்கப்படுகிறது அல்லவா? 2016-ஆம் ஆண்டு ஊபர் நிறுவனத்தில் நடந்தது இதுவே. அதன் பொறியாளர்கள் நிரல்களைச் சேமித்து வைத்திருந்த இடத்தில் திருடர்கள் நுழைந்தனர். அங்கே தகவல் கிடங்கின் சாவி கிடைத்தது. ஏறத்தாழ 5 கோடியே 70 லட்சம் பேரின் விவரங்கள் களவு போயின.

இதற்கு மாற்று என்ன? சாவிக்குப் பதிலாகச் சீட்டு! பேருந்தில் வாங்கும் பயணச்சீட்டு அந்தப் பயணத்துக்கு மட்டுந்தானே செல்லும்? 1980-களிலேயே அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்விக்கூடத்தில் உருவான 'கெர்பரோஸ்' என்னும் முறை, காலக்கெடு உள்ள சீட்டுகளை வழங்கியது.

இன்றைய முறையைப் பார்ப்போம். கூகுளின் மேகக் கணிமையில், மனிதருக்கு அல்லாமல் வேலைக்கென்றே தனிக் கணக்கு ஒன்றை உருவாக்கலாம். வேலை தொடங்கியதும் நிரல் 169.254.169.254 என்ற முகவரியில் சீட்டுக் கேட்கிறது. இது அந்தக் கணிப்பொறிக்குள்ளிருந்து மட்டுமே எட்டக்கூடிய முகவரி. அங்கிருந்து வரும் சீட்டு வழக்கமாக ஏறத்தாழ 1 மணி நேரமே செல்லும். பயிற்சி பத்து மணி நேரம் நீடித்தால்? நிரல் அவ்வப்போது புதுச் சீட்டு வாங்கிக்கொள்ளும். எங்கும் சாவியை எழுதி வைக்க வேண்டியதில்லை.

அடுத்த கேள்வி: "உனக்கு என்ன செய்ய உரிமை உண்டு?" நம் நிரலுக்குப் படங்களைப் படிக்கவும் முடிவைச் சேமிக்கவும் மட்டும் அனுமதி போதும். அழிக்கும் உரிமை எதற்கு?

சீட்டும் திருடு போகலாம். காலம் முடியும்வரை திருடன் அதைப் பயன்படுத்தவும் கூடும். ஆனால் கெடு குறுகியது, உரிமை சிறியது. ஆகவே இழப்பும் சிறிதாகிறது. பாதுகாப்பின் சூட்சுமம் இதுதான்.

நாளை நீங்களும் நிரல் எழுதுவீர்கள். அதை நண்பருக்கு அனுப்புமுன் உள்ளே சாவி இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். ஏற்கெனவே அனுப்பிவிட்டீர்களா? அந்த வரியை அழித்தால் மட்டும் போதாது. பழைய படிகளில் அது இருக்கும். உடனே அந்தச் சாவியையே செல்லாததாக்கிவிடுங்கள். வீட்டுச் சாவி தொலைந்தால் பூட்டையே மாற்றுகிறோம் அல்லவா?