மரபணு ரிப்போர்ட்டில் ‘உறுதியில்லை’ என்று வந்தால்

செட்டிநாட்டில் சம்பந்தம் பேசும்போது முதலில் வரும் கேள்வி, “எந்தக் கோயில்?” இளையாத்தங்குடி, மாத்தூர், பிள்ளையார்பட்டி என்று நகரத்தாருக்கு ஒன்பது கோயில்கள், ஒரே கோயிலார் பங்காளிகள். பங்காளியை விலக்கிவிட்டால் ரத்தம் கலக்காது என்று நம்புகிறோம். மரபணு அப்படிப் பார்ப்பதில்லை. குறைந்த குடும்பங்களில் தொடங்கி, தங்களுக்குள்ளேயே கொண்டு கொடுத்துப் பெருகிய எந்தச் சாதியிலும், முன்னோர் ஒருவரிடம் இருந்த குறை சொந்தமே இல்லாத இருவரிடம் ஒளிந்திருக்கலாம். அத்தை மகளையோ மாமன் மகனையோ கட்டினால் அந்த வாய்ப்பு இன்னும் கூடும்.

2017-இல் ஹைதராபாத் சிசிஎம்பி ஆய்வகமும் ஹார்வர்டு பல்கலைக்கழகமும் சேர்ந்து தெற்காசியச் சமூகங்கள் 263-ஐ ஆராய்ந்தன. அவற்றில் 81-இல் இந்த ‘சிறு தொடக்க’ விளைவு, அதற்குப் பேர்போன பின்லாந்துக்காரர்களையும் அஷ்கெனாசி யூதர்களையும் விட வலுவாக இருந்தது. யூதர்கள் 1970-களிலிருந்தே டே-சாக்ஸ் என்ற மரபணு நோய்க்கு ரத்தம் பார்த்து, அதோடு பிறக்கும் குழந்தைகளைப் பெருமளவு குறைத்துவிட்டார்கள். நம் பக்கம் அப்படி என்ன நடந்தது?

செட்டியார் என்றே அழைக்கப்படும் இன்னொரு சமூகமான ஆரிய வைசியர்களின் கதையைப் பாருங்கள். சக்சினைல்கோலின் என்ற மருந்து, மயக்கம் கொடுக்கும்போது தசையைத் தளர்த்தப் போடுவது. சாதாரணமாகச் சில நிமிடங்களில் தெளிந்துவிடும். அதை உடைக்கும் நொதி இல்லாதவருக்கு மணிக்கணக்கில் மூச்சு திரும்பாது. வென்டிலேட்டரில் வைத்துத்தான் காப்பாற்ற வேண்டும். இந்தக் குறை ஆரிய வைசியர்களிடம் மற்றவர்களைவிட ஏறக்குறைய நூறு மடங்கு அதிகம். தென்னிந்திய மயக்கவியல் மருத்துவர்கள் இதை அறிவார்கள். ஆனால் டாக்டரிடம் “செட்டியார்” என்று மட்டும் சொன்னால் போதாது. நகரத்தார் வேறு, ஆரிய வைசியர் வேறு. ஆபரேஷனுக்கு முன் வீட்டில் யாருக்காவது மயக்கம் தெளியத் தாமதமானதா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சாதிப் பெயரைவிட அது பெரிய தகவல்.

அடுத்த சிக்கல் மரபணுப் பரிசோதனை ரிப்போர்ட்டில். 2018 நிலவரப்படி, உலகின் பெரிய மரபணு ஆய்வுகளில் பங்கேற்றவர்களில் 78 சதவீதம் ஐரோப்பிய வம்சாவளியினர். நம் குழந்தையின் மரபணுவில் காணும் மாற்றம் அவர்களிடம் இல்லையென்றால், கெடுதலானதா சாதாரணமானதா என்று லேபால் சொல்ல முடியாமல் ‘முக்கியத்துவம் உறுதியில்லை’ என்று எழுதிவிடுவார்கள். ‘நோய் இல்லை’ என்று இதற்குப் பொருள் அல்ல. பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். தாய், தகப்பன் ரத்தத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். மூலத் தரவைக் கேட்டு வாங்கி வையுங்கள். ஓரிரு ஆண்டு கழித்து மறு ஆய்வு கேளுங்கள். சுமார் பத்தாயிரம் இந்தியர்களின் ஜீனோம்இந்தியா மரபணுத் தரவு 2025 ஜனவரியில்தான் ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்டது, ஆகவே பழைய ரிப்போர்ட் மாற வாய்ப்புண்டு.

பணம்? 2021-இன் தேசிய அரிய நோய்க் கொள்கையில், பட்டியலிலுள்ள நோய்களுக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. அது கைக்கு வராது, அங்கீகரிக்கப்பட்ட சிறப்பு மையத்துக்குத்தான் போகும். நமக்கு எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை. காரைக்குடியில் பல்லவன் ரயிலில் ஏறினால் இறங்குமிடத்துக்குப் பக்கம்தான். ஆயுள் முழுக்க மருந்து தேவைப்படும் சில நோய்களுக்கு 50 லட்சம் மாதக்கணக்கிலேயே கரைந்துவிடும் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. இதற்காகக் குடும்பங்கள் நீதிமன்றப் படியேறியிருக்கின்றன. தசைச்சிதைவு, ஹீமோபிலியா, தலசீமியா ஆகியவை 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ளவை; அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். ‘மரபணு நோய்’ என்ற ஒரே காரணத்தைச் சொல்லி மருத்துவக் காப்பீட்டு கிளெய்மை நிராகரிக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2018-லேயே கூறிவிட்டது. அப்படிக் கடிதம் வந்தால் முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றால் காப்பீட்டு ஆம்புட்ஸ்மனிடம் போகலாம், கட்டணம் கிடையாது.

ஆய்வுக்கென்று ஊருக்கு வந்து ரத்தம் கேட்டால் கொடுக்கலாம். கொடுத்தால்தான் நம் மரபணுவும் பட்டியலில் ஏறும். ஆனால் ஒப்புதல் படிவம் தமிழில் இருக்க வேண்டும், எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்று அதில் எழுதியிருக்க வேண்டும், முடிவு நமக்குத் திரும்பி வருமா என்பதைக் கையெழுத்துக்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.