பழைய வால்வா, புதிய வால்வா?

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு நாள், ஊரில் மைக்செட் கடை வைத்திருக்கும் என் சித்தப்பா ஒரு கேள்வியோடு வந்தார். வீட்டில் இசைத்தட்டு கேட்க ஒரு வால்வு ஆம்ப்ளிஃபயர் வாங்க அவருக்கு ஆசை. பழையது ஒன்று கைக்கு எட்டும் விலையில் இருந்தது. புதிதாகச் செய்யப்பட்டதன் விலையோ அதைப்போல் மூன்று மடங்கு. "நீதான் பிசிக்ஸ் படிக்கிறியே தம்பி, எதை வாங்கலாம்?" என்றார். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவன் நான். அவருடைய சேமிப்பு என் சொல்லை நம்பி நின்றது. அப்போது நான் கற்றதை நண்பர்களுக்கும் கூற விழைகிறேன்.

வால்வு என்பது காற்று நீக்கப்பட்ட கண்ணாடிக் குழாய். 1904இல் ஃபிளெமிங் இரு மின்வாய்கள் கொண்ட வால்வை அமைத்தார். 1906இல் லீ டி ஃபாரஸ்ட் இடையே கிரிட் எனும் மூன்றாவது மின்வாயைச் சேர்த்தார். சூடேறிய கேதோடிலிருந்து எலெக்ட்ரான்கள் பிளேட்டை நோக்கிப் பாய்கின்றன. கிரிட்டில் ஏற்படும் சிறிய மின்னழுத்த மாற்றம் அந்தப் பெரிய ஓட்டத்தைக் கட்டுப்படுத்துகிறது. மதகுப் பலகையைச் சற்றே அசைத்தால் வாய்க்கால் நீர் கூடிக் குறைவதில்லையா? அது போலத்தான்.

1947இல் டிரான்சிஸ்டர் பிறந்தது. வால்வு படிப்படியாக ஒதுங்கியது. ஆயினும் ரஷ்யா, சுலோவாகியா, சீனா ஆகிய நாடுகளில் இன்றும் வால்வுகள் தயாராகின்றன. ஆகவே தேய்ந்த வால்வைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. கழற்றி வேறு மாட்டலாம். கவனிக்க வேண்டியவை வேறு இரண்டு.

முதலாவது, மின்தேக்கிகள். ஆண்டுகள் செல்லச் செல்ல எலெக்ட்ரோலிடிக் வகையின் உட்பொருள் உலர்ந்துவிடும். ஸ்பீக்கரில் 'உம்' என்ற இரைச்சல் எழும். கிரிட்டுக்கு முன்னுள்ள மின்தேக்கி கசிந்தால் வால்வில் மின்னோட்டம் மிகுந்து பிளேட்டே சிவந்துவிடும். இவற்றை மாற்றச் செலவு குறைவு.

இரண்டாவது, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர். வால்வுக்குத் தேவையான சில ஆயிரம் ஓம் சுமையை ஸ்பீக்கரின் 8 ஓமுடன் பொருத்துவது இதுவே. கருவியின் விலையில் பெரும்பங்கு இதனுடையது. நன்றாயிருந்தால் பல்லாண்டு உழைக்கும். எரிந்தால் மாற்றுக் கிடைப்பது அரிது. ஸ்பீக்கரை இணைக்காமல் கருவியை இயக்கினால் இது பழுதாகக் கூடும்.

தெரிந்த மெக்கானிக் ஒருவருடன் சென்றோம். பாட்டு வந்தது, ஆனால் குரல் கம்மியிருந்தது. இணைப்பைத் துண்டித்த பிறகும் உள்ளே 400 வோல்ட் வரை தங்கியிருக்கலாம். எனவே அவர் முதலில் அதை வடியவிட்டார். பிறகு மீட்டரை வைத்தார். டிரான்ஸ்ஃபார்மர் சுற்றின் ஒரு பாதியில் முள் அசைந்தது, மறுபாதியில் அசையவில்லை. கம்பி அறுந்திருந்தது! மறுபடி சுற்றும் கூலி, மின்தேக்கிகள், வால்வுகள் எல்லாவற்றையும் கூட்டினோம். புதியதற்கும் அதற்கும் விலையில் பெரிய வித்தியாசமில்லை.

டிரான்ஸ்ஃபார்மர் நன்றாயிருந்து, பழுதுபார்க்கும் செலவையும் சேர்த்து விலை குறைவானால் பழையதை வாங்குங்கள். இல்லையேல் புதியதே மேல். சித்தப்பா இன்னும் பணம் சேர்த்து வருகிறார். "அவசரப்படாம பாத்துச் சொன்னியே, அது போதும்" என்றார். தேர்வில் பெறும் மதிப்பெண்ணைவிட அந்தச் சொல் எனக்கு இனித்தது.