திட்டமிட்ட நகரின் நீர்த்தேவை மதிப்பீடு

திட்டமிட்ட நகரின் நீர்த்தேவை மதிப்பீடு என்பது, புதிதாக அமைக்கப்படும் ஒரு குடியிருப்புக்கு நாள்தோறும் எவ்வளவு நீர் வேண்டும் என்பதையும், அதனை எந்த மூலங்களிலிருந்து பெறலாம் என்பதையும் முன்கூட்டியே கணக்கிடும் முறையாகும். வளர்ந்துவிட்ட ஊர்களில் கடந்தகால நீர்ப் பயன்பாட்டைக் கொண்டு இதனைக் கணிக்கலாம். புதிய நகருக்கு அத்தகைய பதிவுகள் இல்லை. எனவே மக்கள்தொகை, தனிநபர் பயன்பாடு, குழாய் இழப்பு ஆகிய மூன்று எடுகோள்களே கணக்கின் அடிப்படையாக அமைகின்றன.

தனிநபர் அளவு

மத்தியப் பொதுச் சுகாதார, சுற்றுச்சூழல் பொறியியல் அமைப்பின் 1999ஆம் ஆண்டுக் கையேடு, கழிவுநீர்க் குழாய் வசதியுள்ள நகரங்களுக்கு ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் எனவும், பெருநகரங்களுக்கு 150 லிட்டர் எனவும் பரிந்துரைத்தது. 2019இல் தொடங்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டம் ஊரகப் பகுதிகளுக்கு 55 லிட்டர் எனக் கொண்டது.

இந்தியப் பொறியியல் பாடநூல்கள் 135 லிட்டரைப் பின்வருமாறு பிரித்துக் காட்டுகின்றன:

- குளித்தல் - 55 லிட்டர்
- கழிப்பறை - 30 லிட்டர்
- துணி துவைத்தல் - 20 லிட்டர்
- வீடு கழுவுதல் - 10 லிட்டர்
- பாத்திரம் கழுவுதல் - 10 லிட்டர்
- சமையல் - 5 லிட்டர்
- குடிநீர் - 5 லிட்டர்

இவற்றுள் குடிக்கும் தரம் கட்டாயமாகத் தேவைப்படுவது குடிநீருக்கும் சமையலுக்குமான 10 லிட்டருக்கு மட்டுமே என்பது கவனிக்கத்தக்கது.

எடுத்துக்காட்டு: ஆரோவில்

1968ஆம் ஆண்டு பெப்ரவரி 28 அன்று தொடங்கப்பட்ட ஆரோவில், 50,000 மக்களுக்கெனத் திட்டமிடப்பட்ட நகராகும். இதன் பெரும்பகுதி விழுப்புரம் மாவட்டத்தில் உள்ளது. 1.25 கிலோமீட்டர் ஆரமுள்ள வட்டமாக நகர்ப் பகுதியும், அதனைச் சுற்றிப் பசுமை வளையமும் திட்டத்தில் இடம்பெற்றுள்ளன.

50,000 பேருக்கு 135 லிட்டர் வீதம் நாளொன்றுக்கு 6,750 கன மீட்டர் நீர் வேண்டும். அனுப்பும் நீரில் 15 விழுக்காடு வழியில் கசிந்து போகுமெனில், ஏறத்தாழ 7,940 கன மீட்டர் அனுப்பவேண்டும். இது ஆண்டுக்குச் சுமார் 29 இலட்சம் கன மீட்டராகும்.

நீர் மூலங்கள்

பழனி மலையடிவாரத்திலுள்ள அய்யம்பாளையம் போன்ற ஊர்களுக்கு மலையிலிருந்து இறங்கும் ஓடைகள் உண்டு. அதன் அருகில் மருதாநதி அணையும் உள்ளது. ஆரோவில் கடலோர மேட்டுநிலத்தில் அமைந்துள்ளதால் அத்தகைய ஆற்று நீர் அங்கு இல்லை. நிலத்தடி நீரே முதன்மை மூலம். கடலோர நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்தால் உவர்நீர் உட்புகும். ஒருமுறை உவர்ப்பேறிய நீர்த்தாங்கியை மீட்பது மிகக் கடினம். அதே நீரைச் சுற்றியுள்ள சிற்றூர்களும் உழவர்களும் நம்பியிருப்பதால், மதிப்பீட்டில் நேரும் பிழை நகர எல்லைக்குள் மட்டும் நின்றுவிடுவதில்லை.

ஆண்டு மழையை 1,200 மில்லிமீட்டர் எனக் கொண்டால், நகர வட்டத்தின் மீது விழும் மழை சுமார் 59 இலட்சம் கன மீட்டர். இது தேவையைப் போல் இரு மடங்கு. எனினும் இம்மழையின் பெரும்பகுதி சில மாதங்களுக்குள் பெய்துவிடுகிறது. ஆவியாவதும் கடலுக்கு ஓடுவதும் மிகுதி. பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு கூரையாக இருந்து, அதில் விழும் நீரில் 80 விழுக்காடு சேகரிக்கப்பட்டால் கிடைப்பது ஏறத்தாழ 9.4 இலட்சம் கன மீட்டர். அதாவது தேவையில் மூன்றில் ஒரு பங்கு. தொடக்ககாலக் குடியேறிகள் மண்வரப்பு அமைத்தும் குளம் வெட்டியும் மரம் நட்டும் மழைநீரை நிலத்தில் இறக்க முயன்றதன் தேவை இதனால் விளங்கும்.

நீர்ச் சிக்கனம்

வழங்கப்படும் நீரில் சுமார் 80 விழுக்காடு கழிவுநீராக வெளியேறும் எனக் கொள்வது பொறியியல் வழக்கம். மேற்கண்ட கணக்கில் இது நாளொன்றுக்கு 5,400 கன மீட்டர். இதனைச் சுத்திகரித்துக் கழிப்பறைக்கான 30 லிட்டரை ஈடு செய்தால், நன்னீர்த் தேவை ஒருவருக்கு 105 லிட்டராகக் குறையும். குழாய்க் கசிவையும் 10 விழுக்காட்டுக்குள் கட்டுப்படுத்தினால், நாள்தோறும் அனுப்பவேண்டிய நன்னீர் ஏறத்தாழ 5,830 கன மீட்டர் மட்டுமே. எவரும் குளியலையோ சமையலையோ குறைக்காமலேயே நான்கில் ஒரு பங்குக்கு மேல் மிச்சமாகிறது.

இதற்கு வீடுதோறும் இரட்டைக் குழாய் அமைப்பு வேண்டும். கட்டுமானத்தின்போது இதனை எளிதில் அமைக்கலாம். மக்கள் குடியேறிய பின்னர்ச் சுவரையும் சாலையையும் உடைக்க நேரும்.

கட்டம் கட்டமாக அமைத்தல்

தொடங்கி அரை நூற்றாண்டு கடந்த பின்னரும் ஆரோவில்லின் மக்கள்தொகை சில ஆயிரங்களாகவே இருந்தது. இறுதி மக்கள்தொகைக்கான பெருங்குழாய்களையும் தொட்டிகளையும் முதலிலேயே அமைத்தால் முதலீடு முடங்கும். குழாயில் நீர் நெடுநேரம் தேங்குவதால் அதன் தரமும் கெடும். ஆகவே குழாய்ப் பாதைக்கான இடத்தை முழு அளவில் ஒதுக்கி, குழாய்களையும் சுத்திகரிப்பு நிலையங்களையும் குடியேற்றத்துக்கு ஏற்பப் பகுதி பகுதியாக அமைப்பதே பொருத்தமானதாகும். ஒவ்வொரு கட்டத்திலும் அளவுமானிகள் காட்டும் உண்மைப் பயன்பாட்டைக் கொண்டு அடுத்த கட்டத்தின் மதிப்பீடு திருத்தப்பட வேண்டும்.