காற்று ரெடி... பெட்ரோல் ரெடியா? சூப்பர்சார்ஜர் படகு இன்ஜின்கள் உருகுவது ஏன்?

அரிசோனா - கலிஃபோர்னியா எல்லையில் இருக்கிறது ஹவாசு ஏரி. கொலராடோ ஆற்றின் குறுக்கே பார்க்கர் அணை கட்டியதால் உருவான நீர்த்தேக்கம் இது. கோடை வார இறுதி என்றால் போதும், 'பெர்ஃபாமன்ஸ் போட்' எனப்படும் அதிவேகப் படகுகள் இங்கே அணிவகுத்துவிடும். மிசௌரி மாநிலத்தின் ஓசார்க்ஸ் ஏரியிலும் இதே காட்சிதான். அங்கே ஆண்டுதோறும் ஆகஸ்டில் 'ஷூட்அவுட்' என்ற வேகப் போட்டியே நடக்கிறது.

இந்தப் படகுகளின் உரிமையாளர்கள் பலருக்கும் ஒரு கனவு உண்டு. இன்ஜின் மேல் ஒரு சூப்பர்சார்ஜரை மாட்டிவிட வேண்டும். 500 குதிரைத்திறன் இன்ஜின் 800-ஐத் தொட வேண்டும். கிட் வாங்கியாச்சு, பெல்ட் மாட்டியாச்சு, படகு சீறிப் பாய்கிறது. ஆனால் முழு வேகத்தில் சில நிமிடங்கள் ஓடியதும் இன்ஜின் ஒரு மாதிரி தடுமாறுகிறது, புகை வருகிறது, நின்றுவிடுகிறது. பிரித்துப் பார்த்தால் பிஸ்டனில் ஓட்டை!

குற்றவாளி சூப்பர்சார்ஜர் இல்லை. அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. அதற்கு ஈடுகொடுக்க முடியாமல் போனது பெட்ரோல் வரும் பாதை. என்ன நடக்கிறது? எதை மாற்ற வேண்டும்? எதை மாற்றவே கூடாது?

சூப்பர்சார்ஜர் என்ன செய்கிறது?

எளிமையாகச் சொன்னால், அது ஒரு காற்று பம்ப். இன்ஜினின் கிராங்க் ஷாஃப்டிலிருந்து பெல்ட் மூலம் சுழன்று, சிலிண்டருக்குள் காற்றை அமுக்கித் திணிக்கிறது. இன்டியானாவைச் சேர்ந்த ரூட்ஸ் சகோதரர்கள் 1860-ல் காப்புரிமை பெற்ற ஊதுகருவிதான் இதன் மூதாதை. பிறகு ஜெனரல் மோட்டார்ஸ் தன் டீசல் இன்ஜின்களில் அதைப் பயன்படுத்தியது. படகுக்காரர்கள் இன்றும் சொல்லும் '6-71', '8-71' என்ற பெயர்கள் அங்கிருந்து வந்தவைதான். 6 சிலிண்டர், ஒவ்வொன்றும் 71 கன அங்குலம் என்பது 6-71-ன் பொருள்.

கடல் மட்டத்தில் காற்றின் அழுத்தம் 14.7 பிஎஸ்ஐ. அதற்கு மேல் 7 பிஎஸ்ஐ 'பூஸ்ட்' கொடுத்தால், கணக்குப்படி ஏறக்குறைய ஒன்றரை மடங்கு காற்று உள்ளே போகும். அமுக்கும்போது காற்று சூடாவதால் நடைமுறையில் கொஞ்சம் குறையும். எப்படியிருந்தாலும் காற்று கூடினால் பெட்ரோலும் அதே விகிதத்தில் கூட வேண்டும். கூடாவிட்டால்தான் வம்பு.

பெட்ரோல் குறைந்தால் ஏன் உருகுகிறது?

சிலிண்டருக்குள் எரியும் வாயுவின் வெப்பம் 2,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அலுமினியமோ 660 டிகிரியிலேயே உருகிவிடும். இருந்தும் அலுமினிய பிஸ்டன் பிழைத்திருப்பதற்கு, தேவைக்குச் சற்று அதிகமாகவே தெளிக்கப்படும் பெட்ரோலும் ஒரு காரணம். அது ஆவியாகும்போது வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது.

1 கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். ஆனால் சூப்பர்சார்ஜர் இன்ஜினை முழு வேகத்தில் ஓட்டும்போது, 1 கிலோ பெட்ரோலுக்குப் பதினொன்றரை முதல் 12 கிலோ காற்று என்ற அளவில்தான் டியூனர்கள் வைப்பார்கள். இந்தக் கலவை 'லீன்' ஆனால், அதாவது பெட்ரோல் குறைந்தால், வெப்பம் ஏறும். ஸ்பார்க் பிளக்கின் தீ வந்து சேரும் முன்பே மீதிக் கலவை தானாக வெடிக்கும். இதைத்தான் 'டெட்டனேஷன்' என்கிறார்கள். சுத்தியலால் அடிப்பதுபோல பிஸ்டனின் விளிம்பில் அடி விழுந்துகொண்டே இருக்கும்.

கார் என்றால் ஓரளவு தப்பிக்கலாம். சாலையில் ஆக்ஸிலரேட்டரை முழுக்க அழுத்தி வைப்பது சில நொடிகள்தான். படகில் அப்படி இல்லை. தண்ணீர் எப்போதும் இழுத்துப் பிடிக்கும். மேட்டில் ஏறும் கார் இறக்கமே இல்லாமல் ஏறிக்கொண்டே இருப்பதுபோல, இன்ஜின் நிமிடக்கணக்கில் முழுச் சுமையில் ஓடும். காரில் கண்டுகொள்ளப்படாமல் போகும் சின்னக் குறை, படகில் பிஸ்டனைக் காவு வாங்கிவிடும்.

எவ்வளவு பெட்ரோல் தேவை? ஒரு சின்னக் கணக்கு

சூப்பர்சார்ஜர் இல்லாத இன்ஜின், ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்குச் சுமார் அரை பவுண்ட் பெட்ரோல் குடிக்கும். 500 குதிரைத்திறனுக்கு 250 பவுண்ட். சூப்பர்சார்ஜர் வந்தால் பசியும் கூடும். ஒரு குதிரைத்திறனுக்கு 0.65 பவுண்ட் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு. அப்படியானால் 800 குதிரைத்திறனுக்கு 520 பவுண்ட். லிட்டரில் சொன்னால் மணிக்குச் சுமார் 320.

கவனிக்க வேண்டியது இங்கேதான். சக்தி கூடியது 60 சதவீதம். பெட்ரோல் தேவை கூடியதோ இரண்டு மடங்குக்கும் மேல். 'கொஞ்சம் பெரிய பம்ப் போட்டா போதும்' என்ற நினைப்பு தப்பாவது இதனால்தான்.

முதலில் பார்க்க வேண்டியது எது?

பெரும்பாலானோர் இன்ஜின் பக்கத்திலிருந்து வேலையைத் தொடங்குகிறார்கள். பெரிய இன்ஜெக்டர், பளபளக்கும் ஃப்யூயல் ரெயில் எல்லாம் கண்ணுக்குத் தெரியும் பொருட்கள். ஆனால் பெட்ரோல் கிளம்புவது டேங்கிலிருந்து. பாதையில் எங்கே மிகச் சின்ன துளை இருக்கிறதோ, அதுதான் மொத்த அளவையும் தீர்மானிக்கும்.

படகில் அந்தச் சின்ன துளை பெரும்பாலும் 'ஆன்டி சைஃபன் வால்வ்'. டேங்கிலிருந்து குழாய் கிளம்பும் இடத்தில், ஸ்பிரிங்கும் குண்டும் கொண்ட ஒரு குட்டி வால்வ். வழியில் குழாய் அறுந்துபோனால், டேங்கில் உள்ள பெட்ரோல் தானாக வழிந்து படகின் அடித்தளத்தில் கொட்டாமல் தடுப்பது இதன் வேலை. பழைய இன்ஜினுக்கு இது போதும். 800 குதிரைத்திறன் இன்ஜினுக்கு இது ஸ்ட்ரா வழியாக மோர் குடிப்பதுபோல.

அடுத்தது குழாய். எட்டில் மூன்று அங்குல உள்விட்டம் கொண்ட குழாயை அரை அங்குலமாக்கினால் பரப்பு ஏறக்குறைய 1.8 மடங்காகும். எட்டில் ஐந்து அங்குலமாக்கினால் சுமார் 2.8 மடங்கு. டேங்கின் உள்ளே இறங்கும் பிக்கப் குழாயையும் சேர்த்து மாற்றாவிட்டால் பலன் இல்லை. தண்ணீரைப் பிரிக்கும் ஃபில்டரும் புதிய அளவைத் தாங்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

பம்ப் பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை நம்பலாமா?

முழுசாக நம்ப முடியாது. 'மணிக்கு 255 லிட்டர்' என்று சொல்லி விற்கப்படும் பம்ப், குறிப்பிட்ட அழுத்தத்திலும் குறிப்பிட்ட வோல்டேஜிலும்தான் அந்த அளவைத் தரும். அழுத்தம் ஏற ஏற அளவு குறையும். மெல்லிய ஒயரால் பம்புக்குப் போகும் வோல்டேஜ் குறைந்தாலும் அளவு குறையும். அதனால் தடிமனான ஒயரும் தனி ரிலேயும் பம்போடு சேர்ந்த செலவு.

பம்புக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. தள்ளுவதில் அது கில்லாடி, இழுப்பதில் சுமார்தான். டேங்க் பக்கம் அடைப்பு இருந்தால் இழுவிசையில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகத் தொடங்கும். இன்ஜின் அறையின் சூடும் சேர்ந்தால் 'வேப்பர் லாக்' நிச்சயம். ஏரித் தண்ணீரால் பெட்ரோலைக் குளிர்விக்கும் கூலர்கள் படகுகளில் இருப்பது இதற்காகத்தான்.

10 சதவீதம் எங்கே காணாமல் போகிறது?

800 குதிரைத்திறன், 8 இன்ஜெக்டர்கள். ஒவ்வொன்றையும் அதன் திறனில் 80 சதவீதத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது என்ற கணக்கில், மணிக்குச் சுமார் 81 பவுண்ட் தரும் இன்ஜெக்டர் தேவை. பழைய இன்ஜினுக்கு 39 பவுண்ட் போதுமானதாக இருந்தது.

ஆனால் பெரிய இன்ஜெக்டர் மட்டும் போதாது. பெட்ரோல் அழுத்தம் 43.5 பிஎஸ்ஐ என்று வைத்துக்கொள்வோம். இன்ஜெக்டரின் மறுமுனையில் 8 பிஎஸ்ஐ பூஸ்ட் எதிர்த்துத் தள்ளுகிறது. மிச்சம் 35.5தான். இதனால் பாயும் பெட்ரோல் கிட்டத்தட்ட 10 சதவீதம் குறைந்துவிடும். அதுவும் இன்ஜினுக்கு மிக அதிகமாகத் தேவைப்படும் நேரத்தில்! பூஸ்ட் ஒரு பிஎஸ்ஐ ஏறினால் பெட்ரோல் அழுத்தத்தையும் ஒரு பிஎஸ்ஐ ஏற்றும் ரெகுலேட்டர் இதற்குத் தீர்வு. அதன்பின் இன்ஜின் கம்ப்யூட்டரையும் புதிய இன்ஜெக்டருக்கு ஏற்ப டியூன் செய்ய வேண்டும்.

சூப்பர்சார்ஜரின் தலைமேல் கார்புரேட்டர் உட்கார்ந்திருக்கும் பழைய பாணிப் படகுகளில் சிக்கல் வேறு மாதிரி. முழு வேகத்தில் கூடுதல் பெட்ரோல் விடும் 'பவர் வால்வ்', தனக்குக் கீழே உள்ள வெற்றிடத்தை வைத்தே முடிவெடுக்கும். அதற்கும் கீழே பூஸ்ட் ஏறியிருப்பது அதற்குத் தெரியாது. மூடியே இருந்துவிடும். அதனால் பூஸ்ட் இருக்கும் மேனிஃபோல்டிலிருந்து ஒரு குழாயை இழுத்து அந்த வால்வுக்குத் தகவல் சொல்ல வேண்டும்.

எத்தனால் என்ன செய்யும்?

அமெரிக்க பங்க்குகளில் பரவலாகக் கிடைப்பது 10 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். படகோ மாதக்கணக்கில் ஓடாமல் நிற்கும். தண்ணீர் அளவு மீறினால் எத்தனாலையும் சேர்த்துக்கொண்டு டேங்கின் அடியில் தனியாகத் தங்கிவிடும். பெட்ரோலை உறிஞ்சும் குழாயின் வாய் இருப்பதும் அங்கேதான். மேலே மிஞ்சும் பெட்ரோலின் ஆக்டேனும் குறைந்துபோகும். 15 சதவீத எத்தனால் பெட்ரோலைப் படகு இன்ஜின்களில் பயன்படுத்த அந்நாட்டின் சுற்றுச்சூழல் முகமை அனுமதிக்கவில்லை.

சரியாகிவிட்டது என்று எப்படித் தெரியும்?

இரண்டு அளவுகள் பதில் சொல்லிவிடும். பம்புக்கு முன்னால் ஒரு வேக்கம் கேஜ். முழு வேகத்தில் அது 2 அங்குல பாதரச அளவைத் தாண்டினால் டேங்க் பக்கம் அடைப்பு என்று மெக்கானிக்குகள் எடுத்துக்கொள்வார்கள். பம்புக்குப் பின்னால் ஒரு பிரஷர் கேஜ். வேகம் ஏறும்போது முள் இறங்கினால், அந்த நொடியே த்ராட்டிலைக் குறைக்க வேண்டும்.

காரில் செய்வதுபோல எக்ஸாஸ்டில் ஆக்ஸிஜன் சென்சார் வைத்துக் கலவையைப் பார்க்கலாம். ஆனால் படகின் எக்ஸாஸ்டில் குளிர்விக்கும் தண்ணீர் கலக்கும். அது கலக்காத இடமாகப் பார்த்துப் பொருத்தாவிட்டால் சென்சார் செத்துவிடும்.

இதில் மட்டும் கை வைக்காதீர்கள்

பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனமானது. காரில் கசிந்தால் சாலையில் கலைந்துபோகும். படகில் அடித்தளத்திலேயே தேங்கி நிற்கும். ஒரு பொறி போதும். சாலையோரம் நிறுத்தி இறங்கி ஓட நடு ஏரியில் வழியில்லை.

அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் விதிகள் கறாராக இருப்பது இதனால்தான். பெட்ரோல் இன்ஜின் அறைக்கான ஏ வகைக் குழாய், நெருப்பில் இரண்டரை நிமிடம் தாக்குப்பிடிக்க வேண்டும். இன்ஜினுக்குப் பெட்ரோல் தரும் பம்ப், இன்ஜின் மேலோ அதிலிருந்து 12 அங்குலத்துக்குள்ளோ இருக்க வேண்டும். இன்ஜின் ஓடாதபோது மின்சார பம்ப் ஓடக்கூடாது. ஸ்டார்ட் செய்யும் முன் 4 நிமிடம் ப்ளோயரை ஓட்டச் சொல்லும் எச்சரிக்கைப் பலகை படகிலேயே ஒட்டப்பட்டிருக்கும்.

மலிவாகக் கிடைக்கிறதே என்று கார் பம்பையும் கார் குழாயையும் மாட்டுவது இந்தப் பாதுகாப்பு அத்தனையையும் கழற்றி எறிவதற்குச் சமம். படகுக்கான மின் பாகங்கள், உள்ளே பொறி பறந்தாலும் வெளியே இருக்கும் ஆவியைப் பற்றவைக்காதபடி செய்யப்பட்டவை.

ஆன்டி சைஃபன் வால்வ் விஷயமும் அப்படித்தான். 'அடைக்குதா? கழட்டிடு' என்பது படகுத் துறைகளில் சுலபமாகக் கிடைக்கும் இலவச ஆலோசனை. அதன்பின் இன்ஜின் நன்றாகவே ஓடும், குழாய் அறுகிற நாள் வரை. அதிக அளவைக் கடத்தும் பெரிய வால்வ் இருக்கிறது. மின்சாரத்தால் திறந்து மூடும் வால்வையும் விதி ஏற்கிறது. இரண்டில் ஒன்றைப் போட்டால் இன்ஜினுக்கும் பெட்ரோல் போதும், படகில் இருப்பவர்களும் பத்திரமாகக் கரை சேர்வார்கள்.