சிக்கிமுக்கிக் குன்றுகளில் ஒரு சைக்கிள் பந்தயம்

சைக்கிள் பந்தயம் என்றவுடன் நம்மில் பலருக்கும் நினைவு வருவது பிரான்சு நாட்டைச் சுற்றி ஆண்டுதோறும் நடைபெறும் பெரும் பந்தயமே. 1903-இல் தொடங்கிய அப்பந்தயத்தில், இன்று வீரர்கள் அணி அணியாகத் தார்ச் சாலைகளில் விரைகிறார்கள். அவர்களுக்குப் பின்னே உதிரிச் சக்கரங்களையும் பழுது பார்ப்போரையும் ஏற்றிக்கொண்டு மோட்டார் வண்டிகள் தொடர்கின்றன. இக்கட்டுரையில் நான் கூறப் புகுவது அதற்கு முற்றிலும் மாறான ஒரு பந்தயத்தைப் பற்றி. அமெரிக்க நாட்டின் நடுவே உள்ள கான்சாஸ் மாநிலத்தில், எம்போரியா என்னும் சிற்றூரில் தொடங்கி, தார் படாத சரளைச் சாலைகளில் ஒரே மூச்சாக 200 மைல் ஓட்டி, மீண்டும் அவ்வூருக்கே வந்து சேர வேண்டும். 200 மைல் என்பது ஏறத்தாழ 320 கிலோமீட்டர். சென்னையில் காலையில் சைக்கிள் ஏறியவர் திருச்சியில் போய் இறங்குவதாக எண்ணிக்கொள்ளுங்கள். அதுவும் நெடுஞ்சாலை வழியாக அன்று. நம் ஊர்ப்புறத்தில் 'கிராவல் ரோடு' என்பார்களே, அத்தகைய சாலை வழியாக!

இப்பந்தயத்தின் வரலாற்றை அறிய விரும்புவோர் முதலில் அந்த நிலத்தின் வரலாற்றைச் சிறிது அறிதல் வேண்டும். இதைப் படைத்தது மனிதரினும் மிகுதியாகக் கல்லே என்பது என் கருத்து.

கான்சாஸின் கிழக்குப் பகுதி 25 கோடி ஆண்டுகளுக்கும் முந்திய காலத்தில் ஆழமில்லாத கடலாக இருந்தது. அக்கடலடியில் படிந்தவை சுண்ணாம்புப் பாறை அடுக்குகள். அவற்றின் நடுநடுவே சிக்கிமுக்கிக் கல்லும் திரண்டு கிடந்தது. கடல் வற்றிய பின், மழையும் காற்றும் சுண்ணாம்பை மெல்ல மெல்லக் கரைத்தன. கரையாத சிக்கிமுக்கித் துண்டுகளோ மேல்மண் முழுவதும் நிறைந்துவிட்டன. 1806-இல் இவ்வழியே சென்ற செபுலான் பைக் என்னும் படைத்தலைவர், கரடுமுரடான சிக்கிமுக்கிக் குன்றுகளைக் கடந்ததாகத் தம் நாட்குறிப்பில் எழுதினார். அதுவே இன்றளவும் அந்நிலத்தின் பெயர்.

பின்னர் வெள்ளையர் குடியேறி ஏர் பூட்டினர். வட அமெரிக்காவின் நடுவே முன்பு 17 கோடி ஏக்கர் பரப்பில் ஆளுயரப் புல்வெளி விரிந்திருந்தது. கலப்பை சென்ற இடமெல்லாம் அது சோள வயலாகவும் கோதுமை வயலாகவும் மாறிற்று. இன்று எஞ்சியிருப்பது நூற்றில் நான்கு பங்குக்கும் குறைவு. அந்த எச்சத்திலும் பெரும்பகுதி இந்தக் குன்றுகளில்தான் உள்ளது. காரணம் எளிது. இங்கே கொழு இறங்கவில்லை. கலப்பையைத் தடுத்த கல் புல்லைக் காத்தது. உழ முடியாத நிலத்தை மாடு மேய்க்க விட்டார்கள். பழங்குடியினர் செய்தது போலவே இன்றும் மாட்டுப் பண்ணைக்காரர்கள் இளவேனிலில் புல்லுக்குத் தீயிடுகிறார்கள்; கரிந்த தரையில் சில வாரங்களில் புதுத் தளிர் எழுகிறது. 1996-இல் ஏறத்தாழ 11,000 ஏக்கர் பரப்பைத் தேசியக் காப்பு நிலமாக அமெரிக்க அரசு அறிவித்தது.

மாடு மேய்ப்போருக்கு அகலமான தார்ச்சாலை எதற்கு? அக்கம்பக்கத்தில் கிடைத்த கல்லை உடைத்துப் பரப்பியதே அவர்களுக்குப் போதுமான சாலை. அவ்வாறு அமைந்த சாலைகள்தாம் இன்று பந்தயத் தடமாக விளங்குகின்றன. சிக்கிமுக்கிக் கல் உடைந்தால் அதன் விளிம்பு கத்தி போல் கூர்மையாகும். பழங்கால மக்கள் அம்பு முனை செய்ததும் அதனால்தான். அம்பு முனை செய்யத்தக்க கல்லின்மேல் காற்றடைத்த ரப்பரை உருட்டிச் செல்வதை எண்ணிப் பாருங்கள்! ஆணி குத்திய பஞ்சரை ஒட்டிக்கொள்ளலாம். டயரின் பக்கமே கிழிந்துவிட்டால் என் செய்வது? கிழிசலுக்கு உட்புறமாக ஒரு டாலர் நோட்டை மடித்து வைத்து, காற்றடித்துக்கொண்டு கிளம்புவார்கள். டாலருக்கு இப்படியும் ஒரு பயன் உண்டு.

இனிப் பந்தயத்துக்கு வருவோம். சரளைச் சாலையில் நெடுந்தொலைவு ஓட்டும் எண்ணம் கான்சாஸில் பிறந்ததன்று. 2005-இல் மார்க் ஸ்டீவன்சன், ஜெப் கெர்கோவ் என்னும் இருவர், வடக்கே உள்ள அயோவா மாநிலத்தின் குறுக்கே 300 மைலுக்கும் மேற்பட்ட பந்தயம் ஒன்றை நடத்தினர். அடுத்த ஆண்டே, 2006-இல், ஜிம் கம்மின்ஸ், ஜோயல் டைக் ஆகிய இரு நண்பர்கள் எம்போரியாவில் தங்கள் பந்தயத்தைத் தொடங்கினார்கள். வந்து சேர்ந்தவர்கள் 34 பேர். பரிசுப் பணம் கிடையாது. வழிகாட்டிப் பலகை கிடையாது. நிலப்படத்தைப் பார்த்து வழியைத் தாமே கண்டுகொள்ள வேண்டும். குறித்த சோதனைச் சாவடிகளைத் தவிர வேறெங்கும் பிறரிடம் உதவி பெறலாகாது. தண்ணீர், உணவு, உபகரணம் யாவும் தம் வண்டியிலும் சட்டைப்பையிலும் கொண்டதே.

காலை 6 மணிக்குப் புறப்படுபவர்களுக்கு மறுநாள் விடியற்காலம் 3 மணிவரை கெடு உண்டு. இதற்குள் ஓர் அழகிய பந்தயம் மறைந்திருக்கிறது. ஜூன் மாதத்துச் சூரியன் அங்கே இரவு 9 மணியை ஒட்டித்தான் மறையும். அதற்குமுன் வந்து சேர்வோர் 'சூரியனை வென்றவர்' என்று சிறப்பிக்கப்படுவார்கள். முதற்பரிசை நினைத்தும் பாராத நூற்றுக்கணக்கானோருக்கு உண்மையான எதிராளி அந்தச் சூரியன்தான். மேற்கு வானம் சிவக்கத் தொடங்கியதும், கால் ஓய்ந்தவர்களும் மீண்டும் மிதிக்கத் தொடங்குகிறார்களாம்.

எம்போரியா ஏறத்தாழ 24,000 மக்கள் வாழும் ஊர். வில்லியம் ஆலன் ஒயிட் என்னும் பத்திரிகையாசிரியரால் புகழ் பெற்றது. சிற்றூர்ப் பத்திரிகையில் எழுதிய தலையங்கத்துக்காக 1923-இல் அவருக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. அவருக்குப் பின் அவ்வூரை உலகம் அறியச் செய்தது சைக்கிளே. பந்தய நாட்களில் விடுதிகள் நிரம்பி வழிய, அங்குள்ள பல்கலைக்கழகத்தின் மாணவர் விடுதி அறைகளும் வீரர்களுக்கு வாடகைக்கு விடப்படுகின்றன. (நம் விடுதிக் கட்டில்களைக் காசு கொடுத்து வாங்கிப் படுக்க யாரேனும் வருவார்களா என்று நண்பர்கள் கேட்கக்கூடும்.)

தொடக்கத்தில் இப்பந்தயத்துக்கென்று தனி வண்டி ஏதும் இல்லை. சாலைச் சைக்கிள் மெலிந்தது; மலைச் சைக்கிள் கனத்தது. அவரவர் இரண்டுக்கும் இடைப்பட்ட எதையோ கட்டிக்கொண்டு வந்தார்கள். மினசோட்டா மாநிலத்தைச் சேர்ந்த சால்சா நிறுவனம், எம்போரியாவின் சாலைகளை மனத்திற்கொண்டு 2012-இல் 'வார்பேர்ட்' என்னும் வண்டியை வெளியிட்டது. இன்று 'கிராவல் பைக்' என்று உலகெங்கும் கடைகளில் தொங்கும் வகை இவ்வாறு வளர்ந்ததே. வண்டிக்காகப் பந்தயம் தோன்றவில்லை. பந்தயத்துக்காக வண்டி தோன்றியது.

பெண்களின் பங்கும் கூறத்தக்கது. ரெபெக்கா ரஷ் என்பவர் 2012 முதல் 2014 வரை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து மகளிர் வெற்றியைப் பெற்றார். ஆயினும் புறப்படும் கூட்டத்தில் பெண்கள் அரிதாகவே இருந்தனர். 2017-இல் '200 மைலுக்கு 200 பெண்கள்' என்று ஓர் இயக்கம் தொடங்கி, அவர்களுக்கென இடம் ஒதுக்கினார்கள். 2024-இல் முன்னணி மகளிர் ஆடவரிடமிருந்து பிரிந்து தனியே புறப்பட்டனர். அதன் விளைவு என்ன தெரியுமா? 200 மைல் கடந்த பின்னும் ஒன்பது பெண்கள் ஒருசேர எம்போரியாவின் கடைத்தெருவுக்குள் பாய்ந்தார்கள். ஜெர்மனியைச் சேர்ந்த ரோசா குளோசர் வென்றார்.

வெயிலிலும் காற்றிலும் கொடியது அங்கே சேறு. மழை பெய்துவிட்டால் மண் பசையாகிச் சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் இடையே அடைத்துக்கொள்ளும்; பிறகு வண்டி மனிதனைச் சுமக்காது, மனிதன் வண்டியைச் சுமக்க வேண்டும். 2015-லும் 2023-லும் இது நடந்தது. 2023-இல் தொடக்கத்திலேயே சேறு வரும் என்பதை அறிந்த பலர், பெயிண்ட் கலக்கும் மரக் குச்சியைச் சட்டைப்பையில் கொண்டு சென்றார்கள். ஆயிரக்கணக்கான டாலர் பெறும் வண்டியைக் காத்தது அந்தக் குச்சி.

புகழ் வந்தால் பணமும் வரும். 2018-இல் லைப் டைம் என்னும் உடற்பயிற்சி நிறுவனம் பந்தயத்தை வாங்கியது. 2019-இல் ஐரோப்பியப் பெரும் பந்தயங்களில் ஓட்டும் தொழில்முறை வீரர்களும் வந்தனர். அவர்களையெல்லாம் பின்தள்ளி, டெக்சாஸைச் சேர்ந்த காலின் ஸ்டிரிக்லண்ட் தனியே ஓட்டி வந்து, முதன்முறையாக 10 மணி நேரத்துக்குள் முடித்துக் காட்டினார்.

இதுவரை பந்தயத்தின் பெயரைக் கூறாமலே வந்தேன். அதற்குக் காரணம் உண்டு. அப்பெயருக்குத் தனி வரலாறு இருக்கிறது.

2006-இல் இட்ட பெயர் 'டர்ட்டி கான்சா'. மண்சாலையையும் கான்சாஸையும் எண்ணி விளையாட்டாக இட்டிருக்கலாம். ஆனால் கான்சா என்பது வெறும் ஒலியன்று. ஒரு மக்களினத்தின் பெயர். காவ் என்றும் அவர்களை அழைப்பர். தென்காற்றின் மக்கள் என்று அப்பெயருக்குப் பொருள் கூறுகின்றனர். அம்மாநிலமே அவர்கள் பெயரால்தான் கான்சாஸ் ஆயிற்று. பெயரை வைத்துக்கொண்டு, பெயருக்குரியவர்களை வெளியேற்றினார்கள். 1825 ஒப்பந்தத்தில் பெருநிலத்தை இழந்தனர். 1846 ஒப்பந்தத்தின் பின் கவுன்சில் குரோவ் ஊரை ஒட்டிய ஒரு சிறு நிலத்துக்குள் ஒதுங்கினர். 1859-இல் அதுவும் குறுகியது. 1873-இல் சில நூறு பேராகத் தெற்கே, இன்றைய ஓக்லஹோமாவுக்கு அனுப்பப்பட்டனர். அந்த இனத்தின் குருதி உடைய சார்லஸ் கர்ட்டிஸ் 1929-இல் அமெரிக்கத் துணைக் குடியரசுத் தலைவராகவே ஆனார். ஆயினும் அவர் காங்கிரசில் இருந்த காலத்தில், 1902-இல் இயற்றப்பட்ட சட்டத்தால்தான் காவ் இனம் சட்டப்படியான அமைப்பு என்னும் நிலையை இழந்தது. 1959-இல்தான் மீண்டும் அமைப்புப் பெற்றது. அவர்கள் மொழியைச் சரளமாகப் பேசிய கடைசி மனிதர் 1983-இல் மறைந்தார். தாய்மொழி பேசக் கேளாத ஊரில் அதைப் பேசவே சங்கம் வைத்திருக்கும் நமக்கு இவ்வொரு செய்தியின் கனம் புரியும்.

இத்தகைய மக்களின் பெயருக்கு முன்னே 'அழுக்கு' என்றும் பொருள்படும் ஒரு சொல். யார் பொறுப்பார்? 2020-இல் பெயரை மாற்றக் கோரி விண்ணப்பம் எழுந்தது. அதே ஆண்டு ஜூன் மாதத்தில், அட்லாண்டாவில் காவலர் ஒருவர் கறுப்பினத்தவர் ஒருவரைச் சுட்டுக் கொன்றதை நியாயப்படுத்திச் சமூக ஊடகத்தில் எழுதியதால் எழுந்த எதிர்ப்பில், ஜிம் கம்மின்ஸ் தாம் தொடங்கிய பந்தயத்தைவிட்டு விலக நேர்ந்தது. கொள்ளைநோயின் காரணமாக அவ்வாண்டுப் பந்தயமும் நடைபெறவில்லை. அக்டோபரில் புதிய பெயர் அறிவிக்கப்பட்டது: 'அன்பவுண்ட் கிராவல்'. கட்டற்ற சரளை என்று கொள்ளலாம்.

"இழிவாக எண்ணி வைத்த பெயரன்று, பின் எதற்கு மாற்றம்?" என்று வாதிட்டோரும் உண்டு. வைத்தவரின் எண்ணத்தைக் கொண்டு மட்டும் ஒரு பெயரை அளத்தல் போதாது. அதைக் கேட்பவரின் காதும் ஓர் அளவுகோலே. மாற்றியது சரி. எனினும் ஒன்று உறுத்துகிறது. பழைய பெயர் பிழையாகவேனும் அம்மக்களைச் சுட்டிற்று. புதிய பெயரில் அவர்களைப் பற்றிய குறிப்பே இல்லை. பிழையை நீக்கியவர்கள் நினைவையும் சேர்த்து நீக்கிவிட்டார்களோ என்று தோன்றுகிறது.

2021-இல் புதிய பெயரில் பந்தயம் தொடர்ந்தது. 2022-இல் உலக சைக்கிள் சங்கமே சரளைச் சாலைக்கென இத்தாலியில் உலகப் போட்டி ஒன்றை ஏற்படுத்தியது. எம்போரியாவிலோ வேகம் ஆண்டுக்கு ஆண்டு கூடுகிறது. 2024-இல் ஆஸ்திரேலியாவின் லாக்லன் மார்ட்டன் 9 மணி 11 நிமிடத்தில் வென்றார். 2025-இல் நியூசிலாந்தின் கேமரன் ஜோன்ஸ் 8 மணி 37 நிமிடத்தில் முடித்தார். 34 பேருடன் தொடங்கிய இடத்தில், இன்று 25 மைல் முதல் 350 மைல் வரையிலான பல பிரிவுகளில் ஆயிரக்கணக்கானோர் ஓட்டுகிறார்கள். ஆர்வலர் மிகுந்ததால், யாருக்கு இடம் என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்கிறார்கள்.

தடம் ஆண்டுதோறும் மாறுகிறது. சில ஆண்டுகளில் தெற்கே போகிறது. சில ஆண்டுகளில் வடக்கே போய்க் கவுன்சில் குரோவ் ஊரைத் தொடுகிறது. அவ்வூரின் அருகே, காவ் மக்கள் தாங்கள் இழந்த நிலத்தில் ஒரு சிறு பகுதியை 2000-ஆம் ஆண்டில் விலை கொடுத்து வாங்கியிருக்கிறார்கள். தங்கள் பழைய தலைவர் அல்லேகவாகோவின் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள்.