நான்கு நாளில் ஒரு சுங்குடி

மதுரைச் சௌராஷ்டிர மக்கள் பேணி வளர்த்த சுங்குடி, திண்டுக்கல்லை அடுத்த சின்னாளப்பட்டியிலும் வேரூன்றிய தொழில். 2005இல் மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஒரு சேலையில் ஆயிரக்கணக்கான புள்ளிகள். ஒவ்வொன்றும் துணியை நகத்தால் கிள்ளியெடுத்து நூல் சுற்றி இறுக்கிய ஒரு முடிச்சு. இதைச் சொல்லிக்கொடுக்க ஒரு மீட்டர் துணிக்கே நான்கு நாள் வகுப்பு வைக்கிறேன்.

முதல் நாள் சலவை. தறியில் பாவு அறாமலிருக்க நூலுக்குக் கஞ்சி போட்டிருப்பார்கள். பருத்தியிலேயே மெழுகும் உண்டு. இரண்டும் போகாவிட்டால் சாயம் திட்டுத்திட்டாக ஏறும். சலவைச் சோடா போட்டு வேகவைத்து, அலசி, உலர்த்தி, கட்டம் பிரித்துப் புள்ளி குறிப்பதற்குள் பொழுது போய்விடும்.

அடுத்த இரண்டு நாளும் முடிச்சுதான். “எப்போ டீச்சர் முடியும்?” என்று முதலில் கேட்டவர்கள், மூன்றாம் நாள் ஊர்க்கதை பேசியபடியே துணியைப் பார்க்காமல் முடிகிறார்கள். அறிவு சொன்னதைக் கை தனதாக்கிக்கொள்ளும் அந்த நேரத்தில் பக்கத்தில் இருப்பதுதான் எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

நான்காம் நாள் சாயம். முதலில் துணியை வெறும் நீரில் ஊறவைக்கிறோம். இழைகளில் ஏற்கெனவே நீர் நிரம்பியிருந்தால் முடிச்சுக்குள் சாயம் எளிதில் கசியாது. நாங்கள் பயன்படுத்துவது ரியாக்டிவ் சாயம். தொட்டியில் கரைத்த உப்பு, சாயத்தை நீரிலிருந்து இழையை நோக்கித் தள்ளும். பிறகு சேர்க்கும் சோடா, சாயமும் பருத்தியின் செல்லுலோஸும் வேதிப்பிணைப்பால் இணைய வழிசெய்யும். அதனால்தான் துவைத்தாலும் நிறம் நிற்கிறது.

அலசி, உலர்த்தி, இருவர் எதிரெதிரே நின்று துணியை இழுத்தால் முடிச்சுகள் படபடவென்று தெறிக்கும். நூல் அழுத்திய இடம் வெள்ளை வளையம். நூலுக்கு வெளியே நீட்டிய நுனி சாயம் குடித்து நடுவில் சிறு பொட்டு. இறுக்கிக் கட்டியவர் வளையம் தெளிவாக இருக்கும், தளர்த்தியவருடையது கரைந்திருக்கும். எந்தத் துணி யாருடையது என்று வகுப்பே சொல்லிவிடும்.

மெழுகு அச்சில் விரைவாகப் புள்ளி வைத்த சேலைகள் இன்று கடைகளில் நிறைய. முடிச்சிட்ட சேலையைத் தடவினால் புள்ளிதோறும் சிறு மேடு தட்டுப்படும். அச்சுத் துணி தட்டையாக இருக்கும். இந்த வேறுபாட்டை விரலால் அறிந்தவர்கள் கைவேலைச் சேலைக்கு அடிமாட்டு விலை கேட்க மாட்டார்கள். அத்தகைய வாங்குபவர்கள் பெருகினால்தான் முடிச்சுப் போடும் பெண்களுக்கு நியாயமான கூலி கிடைக்கும். நான் வகுப்பு நடத்துவதும் அதற்காகவே.