பியூலாக் கிடங்குக்குள் ஒரு எட்டு

முதலில் கையைக் காட்டுங்கள்! பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில் சாப்பிட்ட மட்டன் ரோல்ஸ் எண்ணெய் விரலில் மினுங்கினால், என்னைத் துரத்தியதுபோல் உங்களையும் தண்ணீர்க் குழாயடிக்குத் துரத்திவிடுவார்கள். படங்களில் வருவதுபோல வெள்ளைக் கையுறை தருவார்கள் என்று ஆசையோடு வந்தேன். கிடையாதாம். கையுறை போட்டால் விரலுக்குத் தாளின் மென்மை தெரியாது, கிழித்துவிடுவோம். கழுவித் துடைத்த வெறுங்கைதான் நல்லது.

பாரிஸ் 13இல், கிரான் மூலான் வீதி 65ஆம் இலக்கம். கீழைத்தேய மொழிகளைப் படிப்பிக்கும் இனால்கோவும், 2011இல் திறந்த பியூலாக் பல்கலைக்கழக நூலகமும் ஒரே கட்டடத்தில். ஏறத்தாழ 350 மொழிகளின் நூல்கள் இங்கே குடியிருக்கின்றன. தமிழும் அதில் ஒரு வீட்டுக்காரி. வாசிப்பு மண்டபத்தில் ஊசி விழுந்தாலும் கேட்கும். நாங்கள் நுழைந்த கதவுக்குப் பின்னாலோ ஒரே கலகலப்பு! அட்டைப் பெட்டிகள், நாடா கட்டிய பொதிகள், கட்டைப் பென்சில்கள், யாரோ கழற்றிப் போட்ட ஸ்வெட்டர். புத்தகம் ஏற்றிய ட்ரொலியை நானும் தள்ளிப் பார்த்தேன். லாச்சப்பல் மாணிக்கப் பிள்ளையார் கோயில் தேர் மாதிரி, தொடங்கத்தான் கஷ்டம். பிறகு நிறுத்தக் கஷ்டம்.

என்னைக் கூட்டிப்போனவள் லெ பிளாங்-மெனிலில் வளர்ந்த மாணவி. ஆர்.ஈ.ஆர். பி பிடித்து வருகிறாள். பின்னேரங்களில் இங்கே பகுதிநேர வேலை. தமிழ் வாய் நிறையக் கதைப்பாள். எழுத்துத்தான் தகராறு. "வகுப்பில கொப்பி பார்த்து எழுதினால் மறந்துபோகும் அக்கா. இங்க ஒரு புத்தகத்தை அதின்ர இடத்தில வைக்கோணும் எண்டால் தலைப்பை வாசிச்சே ஆகோணும்," என்றாள். நெற்றியில் வியர்வை. வாசித்த களையா, தூக்கிய களையா தெரியவில்லை.

பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து மேசையில் வைத்தாள். ஜூலியன் வின்சோன் 1903இல் பிரெஞ்சில் எழுதிய தமிழ்ப் பாடநூல்! வின்சோன் காரைக்காலில் வளர்ந்து தமிழ் கற்றவர், வனத்துறை அதிகாரி, பாஸ்க் மொழியிலும் புலி. 1795இல் தொடங்கிய இதே கல்விக்கூடத்தில் பிரெஞ்சுக்காரருக்குத் தமிழ் படிப்பித்தார். அவர் இருந்த இடத்தில் இப்போது யாழ்ப்பாணத்தாரின் பேரப்பிள்ளைகள் தமிழ் படிக்கிறார்கள் என்று கேட்டால் மனுஷன் மீசையை முறுக்கியிருப்பார். (மீசை இருந்ததென்றே வைத்துக்கொள்வோம்.)

பக்கத்தைப் புரட்டியவள் திகைத்து நின்றாள். தும்பிக்கை வைத்த 'லை', சுருண்டு கிடக்கும் 'ணா', 'றா'. தமிழ்நாட்டில் 1978இல் விடைபெற்ற வடிவங்கள். எந்த வகுப்பிலும் அவள் பார்த்ததில்லை. அனுமதி கேட்டுப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அம்மம்மாவுக்கு அனுப்பினாள். இரண்டு நிமிடம்தான், குரல் செய்தி வந்தது. முழு வரியையும் தடங்கலில்லாமல் வாசித்துவிட்டு அம்மம்மா கேட்டார்:

"இதை நாங்கள் ரெண்டாம் வகுப்பில படிச்சனாங்கள். உனக்கு யூனிவேர்சிட்டியிலயோ?"

சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது. என்ன விஷயம் என்று பக்கத்து மேசைப் பிரெஞ்சு நூலகர் ஆவலாய்க் கேட்டார். பிள்ளை கடைசிவரை சொல்லவே இல்லை.